போதை மாத்திரை: பிடித்தால் மட்டும் போதாது, சிகிச்சையும் பக்கத்தில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்கள் கைது என்ற செய்தி ஓசூர், கிருஷ்ணகிரி பக்கங்களிலிருந்து அடிக்கடி வருகிறது. பிடிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த மாத்திரைக்கு அடிமையாகிவிட்ட இளைஞர் மறுநாள் காலை எங்கே போவார் என்பதை யாரும் எழுதுவதில்லை.

காவேரிப்பட்டணத்தில் மருந்துக் கடை நடத்துபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். டிராமடால் என்ற வலி நிவாரணி 2018-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தபின், அதன் இடத்தை டேபென்டடால் என்ற இன்னொரு வலி நிவாரணி பிடித்துக்கொண்டது. மருத்துவர் சீட்டு இல்லாமல் மாத்திரை கிடைக்காது என்று தெரிந்து, வேறெங்கோ வாங்கிய மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ள, சிரிஞ்சும் சிறிய சலைன் பாட்டிலும் மட்டும் கேட்டு வருகிறவர்கள் உண்டு. ஊசித் தழும்பு தெரியாமலிருக்க, சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானை அவிழ்த்திருக்க மாட்டார்கள். வாங்கிய ஒரே ஊசியை நாலு பேர் போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்றும் கூடவே வரலாம்.

பழக்கத்தை நிறுத்தியதும் வரும் உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். குடும்பத்தினர் நகையை அடகு வைத்துத் தனியார் மையத்தில் சேர்ப்பதும், பையன் தெளிந்துவிட்டான் என்று அழைத்து வருவதும் இந்த நம்பிக்கையில்தான். உண்மையான ஆபத்து அதற்குப் பிறகே தொடங்குகிறது. நிறுத்திவைத்த நாட்களில் உடலின் தாங்கும் திறன் குறைந்துவிடுவதால், வெளியே வந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சு நின்று இறந்துபோகக்கூடும். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே கதிதான். ஆகவே மையத்தில் சில நாள் சேர்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவதைவிட, தொடர்ந்து மருந்து கொடுப்பதே உயிரைக் காக்கும்.

அந்த மருந்து புப்ரெநார்ஃபின். நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட்டால் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் ஏக்கத்தை அடக்கும், வேலைக்கும் போய்வரலாம். 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. எங்களைப் போன்ற கடைகளில் இதை விற்க முடியாது, அங்கீகாரம் பெற்ற மையங்கள் வழியாகவே தருகிறார்கள். கட்டுப்பாடு நியாயமானதுதான், ஆனால் அப்படியானால் மையம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டாமா? அஞ்செட்டியிலிருந்து ஒருவர் தினமும் கிருஷ்ணகிரிக்கு வந்து ஓ.பி. வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. ஓசூர் தொழிற்சாலையில் ஷிப்டு பார்ப்பவருக்குக் காலை நேர ஓ.பி.யால் பயனில்லை.

2025-ல் தமிழக அரசு 25 இடங்களில் 'கலங்கரை' போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. அந்தச் சேவை தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை, அரூர் போன்ற வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகள் வரை வர வேண்டும். மாலையிலும் மருந்து தர வேண்டும். நிலைமை சீரானவர்களுக்குச் சில நாட்களுக்கான மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அளவு மீறியவரை மீட்கும் நாலாக்சோன் மருந்து எல்லா 108 ஆம்புலன்ஸ்களிலும் எப்போதும் இருப்பில் இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வறிக்கைப்படி, சட்டவிரோத போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது. தூரம் மட்டுமல்ல, போலீஸ் பயமும் காரணம். தானாக முன்வந்து சிகிச்சை பெறுகிறவருக்கு, நுகர்வு மற்றும் சிறிய அளவு தொடர்பான வழக்குகளிலிருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. விழிப்புணர்வுப் பேரணிகளில் இதை யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

அருகிலுள்ள மையத்தின் பெயர், நேரம், 14446 என்ற இலவச உதவி எண், இந்தச் சட்டப் பாதுகாப்பு ஆகியவற்றை அச்சிட்ட பலகையை மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு மருந்துக் கடைக்கும் தரலாம். எல்லைப் பகுதி என்பதால் தெலுங்கிலும் கன்னடத்திலும் சேர்த்து அச்சிட்டால் நல்லது. என் கடையில் வைக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக் கடை உரிமையாளர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.