குளவியின் வயதையும் டப்பாவில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரவள்ளி மாவுப்பூச்சியை ஒடுக்க பெனின் நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட அனாகைரஸ் லோபெசி என்ற ஒட்டுண்ணிக் குளவி (மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்வது), 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விடப்பட்டது. டப்பாவில் அடைத்து வரும் இந்தக் குளவிகளை ஏக்கருக்கு எத்தனை விடுவது என்று எல்லோரும் கேட்கிறோம். அவை வளர்ந்த மாவுப்பூச்சியிலிருந்து வெளிவந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்பவர் குறைவு. விளைவைத் தீர்மானிப்பதில் எண்ணிக்கைக்கு இணையானது அந்த வயது.

செதில்பூச்சி, மாவுப்பூச்சி வகைகளைத் தாக்கும் இத்தகைய குளவிகள் ஆயுளுக்கு வேண்டிய முட்டைகளோடு பிறப்பதில்லை. பெண்குளவி மாவுப்பூச்சியைக் குத்தி, கசியும் உடல்நீரைக் குடித்து, அந்தப் புரதத்தைக் கொண்டே முட்டைகளை வளர்க்கிறது. முதல் நாளில் முட்டை குறைவு. அடுத்த சில நாட்களில் உச்சம் தொட்டு, பிறகு படிப்படியாகச் சரிகிறது. டப்பாவில் அடைந்து கிடக்கும் குளவிக்கு இரை இல்லை. முற்றிய முட்டைகளையே உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. தேனும் இல்லாவிட்டால் சில நாட்களில் மடிந்துவிடும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. கருவுறாத முட்டையிலிருந்து ஆண்குளவி மட்டுமே வரும். வயது ஏறி, சேமித்த விந்தணு தீர்ந்தால் ஆண்களே மிகும். மாவுப்பூச்சியைக் கொல்வது பெண்குளவிதான்.

எனவே டப்பாவின் மேல் குளவி வெளிவந்த தேதி இருக்க வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரு நாள் சேர்ந்திருந்து தேன் குடித்தபின், இரண்டு மூன்று நாளுக்குள் விட்டுவிடுவது நல்லது. தேனை மெல்லிய கோடாகத் தடவுங்கள். சொட்டாக வைத்தால் குளவி ஒட்டிச் சாகும். வெயில் ஏறுமுன் அல்லது மாலையில், மாவுப்பூச்சி உள்ள செடிகளின் நுனியருகே பல இடங்களில் திறந்துவிடுங்கள். முட்டையிடத் தோதானவை நடுத்தர வயது மாவுப்பூச்சிக் குஞ்சுகள். சிறிய பூச்சியில் இட்டால் பெரும்பாலும் ஆணே வரும். பூச்சிமருந்து அடித்த வயலில் விடுவது வீண். செடியில் மொய்க்கும் எறும்பு குளவியை அண்டவிடாது. முதலில் எறும்பைக் கட்டுப்படுத்துங்கள்.

மூன்று வாரம் கழித்து இலையின் அடியைப் பாருங்கள். புடைத்து, பழுப்பேறி, கெட்டியான மாவுப்பூச்சிகள் இருந்தால் உள்ளே அடுத்த தலைமுறை வளர்கிறது. வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. தாக்கிய நுனிகளைக் கிள்ளி எரிக்கும் வழக்கத்தை அந்தச் சமயத்தில் நிறுத்துங்கள். எரிவது புதிய குளவிகளே.

இப்படிக்கு,
மரவள்ளிப் பயிர்ப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ளோர்,
சேலம் மாவட்டம்