கட்டியவருக்கு என்ன?

சோழவந்தான்

அன்பு மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். சென்ற ஞாயிறு தொலைபேசியில், "கடன் வாங்காத அரசாங்கம் எங்கே இருக்கிறது, மக்களுக்குத்தானே செலவழிக்கிறார்கள்" என்று கேட்டாய். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பது ஆண்டுகள் பேரேடு எழுதியவனுக்கு அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

2021 பிப்ரவரியில், 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். அந்த வாரம் சங்கத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். தவணை தவறக் கூடாதென்று பொங்கலுக்கு முன்பே கிடாரிக் கன்றை விற்றுக் கடனை அடைத்தவர். ரசீதை என் மேசைமேல் விரித்து, "கட்டாதவனுக்குத் தள்ளுபடி, கட்டினவனுக்கு என்னய்யா?" என்றார். ரசீதை மடித்து அவர் கையில் கொடுத்தேன், வேறென்ன செய்வது? அதற்குப் பிறகு வாங்கிய கடனுக்கு அவரும் தவணை கட்டவில்லை. அடுத்த தேர்தல் வரட்டும் என்றார்.

தம்பி, அந்தக் கடன் எங்கும் தள்ளப்படவில்லை. சங்கத்தின் பேரேட்டிலிருந்து அரசின் பேரேட்டுக்கு மாறியது, அவ்வளவுதான். அதே ஆண்டு ஆகஸ்டில், நம் மதுரை மத்தியத் தொகுதியின் பழனிவேல் தியாகராஜன் நிதியமைச்சராக மாநிலத்தின் நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று கணக்கிட்டது. அதில் நம் வீட்டுக்கு வந்தது எதுவென்று உன் அம்மா விரல்விட்டு எண்ணினாள்: மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. மின்விசிறி மட்டும் இன்னும் ஓடுகிறது.

அணை கட்டக் கடன் வாங்கினால், அதைத் திருப்பிக் கட்டப்போகும் உன் தலைமுறையும் அந்தத் தண்ணீரைக் குடிக்கும். சம்பளத்துக்கும் வட்டிக்கும் இலவசத்துக்கும் வாங்கும் கடனில் உங்களுக்கு மிஞ்சுவது தவணை மட்டுமே. அன்றாடச் செலவு வருமானத்தைத் தாண்டுவதைத்தான் வருவாய்ப் பற்றாக்குறை என்பார்கள். அதைக் கட்டுப்படுத்த 2003இல் நம் மாநிலத்தில் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இயற்றினார்கள். அதற்கான கெடுவைப் பலமுறை திருத்தித் தள்ளிவைத்தார்கள்.

பள்ளியில் மதிய உணவு உண்டு வளர்ந்தவன் நான். அந்தச் செலவை ஒருநாளும் குறை கூற மாட்டேன். ஆனால் 2003 முதல் மதுக்கடையையும் அரசே நடத்துகிறது. குடியைக் குறைக்க வேண்டிய அரசு, குடிப்பவர் குறைந்தால் கஜானா என்னாகும் என்று அஞ்சும் நிலையில் இருக்கிறது. இத்தனை வேலைகளையும் தலையில் ஏற்றிக்கொண்ட பிறகு, தான் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு அதனிடம் கையுமில்லை, காசுமில்லை. நம் கண்மாய் மடையின் இரும்புக் கதவு துருப்பிடித்து மூன்று ஆண்டுகளாகின்றன. நேற்றும் நாங்கள் நான்கு பேர் மணல் மூட்டை அடுக்கித்தான் தண்ணீரை மறித்தோம்.

அன்புடன்,
அப்பா