ஊருக்குள் வருகிறவர்களைத் தடுத்தால் நகரம் வளராதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர நெரிசல் பற்றி உங்கள் இதழில் வரும் வாசகர் கடிதங்களைத் தவறாமல் படித்து வருகிறேன். பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான் திரும்பத் திரும்ப வருகிறது: கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி வருகிறவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். அது நியாயமும் இல்லை, அதனால் பலனும் இல்லை. குடிநீர், கழிவுநீர்க் குழாய்த் திட்டங்களை வரைவதே என் வேலையாக இருந்தது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அந்த அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் தொழிலில் எந்தத் திட்டமும் மக்கள்தொகையில்தான் தொடங்கும். பாதாளச் சாக்கடைக் குழாயை இன்றைய ஜனத்துக்காகப் போடுவதில்லை. 30 ஆண்டுக்குப் பிறகு அங்கே இருக்கப்போகிறவர்களுக்காகப் போடுகிறோம். பம்பு, மோட்டாருக்கு 15 ஆண்டுக் கணக்கு. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது இந்தியாவில் பின்பற்றும் அளவு. ஆக, பழைய சென்சஸ் எண்களைக் கிராப் தாளில் புள்ளிகளாக வைத்து, அவற்றை இணைக்கும் கோட்டை முன்னோக்கி நீட்டினால்தான் குழாயின் விட்டமே முடிவாகும். அந்தக் கோடு ஏன் மேலே போகிறது என்று யோசிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது.

வருகிறவர்களால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வளரும் நாடுகளின் நகர வளர்ச்சியை ஆராய்ந்த சாமுவேல் பிரெஸ்டன் என்ற மக்கள்தொகை ஆய்வாளர் 1979-லேயே வேறு விஷயம் சொன்னார். அந்த வளர்ச்சியில் ஏறக்குறைய 60 சதவீதம், நகரத்துக்குள்ளேயே இறப்பைவிடப் பிறப்பு அதிகமாக இருப்பதால் வருவது. மீதிதான் இடப்பெயர்வும், கிராமங்கள் நகரமாகக் கணக்கில் சேர்வதும். நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் இது மாறும். சீனாவில் இடப்பெயர்வின் பங்கு மிகப் பெரிது. ஆனால் 'எல்லாம் வெளியூர்க்காரர்களால்' என்ற பேச்சு பொதுவாகச் செல்லாது.

வெளியூர்க்காரர்களாலேயே நகரம் நிலைத்த காலமும் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் லண்டனில் பிறந்தவர்களைவிட இறந்தவர்களே அதிகம். வெளியிலிருந்து ஆள் வராவிட்டால் அந்த நகரம் சுருங்கியிருக்கும். 1950-க்குப் பிறகு வங்கதேசத்தின் டாக்காவும் நைஜீரியாவின் லாகோஸும் வளர்ந்த கதை அப்படி இல்லை. தடுப்பூசி, ஆன்டிபயாட்டிக், குளோரின் கலந்த தண்ணீர் எல்லாம் வந்து குழந்தைகள் பிழைத்தார்கள். பிறப்பு விகிதம் குறைவதற்கு முன்பே இறப்பு விகிதம் இறங்கிவிட்டது. 1950-இல் சுமார் மூன்றரை லட்சம் பேர் இருந்த டாக்கா, 2018-இல் 2 கோடியை நெருங்கியது. நகரத்துக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்கள் அங்கேயே குடும்பம் நடத்துகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அந்த நகரம்தான் சொந்த ஊர். அதை எந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவது?

பிறப்பு விகிதம் குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் இன்னும் சிலர். இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2 குழந்தைகள்தான். ஆனாலும் இளம் வயதினர் அதிகம் இருக்கும்வரை மொத்த எண்ணிக்கை கூடிக்கொண்டேதான் போகும். குழாய் போடுகிறவன் அந்த இடைக்காலத்துக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அப்புறம், நகரத்துக்குப் போகாமலேயே நகரவாசியாகிறவர்களும் இருக்கிறார்கள். குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலை என்றிருந்தால், அந்த ஊரை இந்திய சென்சஸ் நகரமாக எண்ணும். நிர்வாகம் மட்டும் ஊராட்சியாகவே இருக்கும். இத்தகைய சென்சஸ் நகரங்கள் 2001-இல் 1,362. பத்தே ஆண்டில் 3,894 ஆகிவிட்டன. வயலெல்லாம் மனையாகிவிட்டது, ஆனால் சாக்கடை போட ஆளும் இல்லை, நிதியும் இல்லை. என் பெரிய கவலை இந்த ஊர்களைப் பற்றித்தான்.

வருகிறவர்களைத் தடுத்துப் பார்த்த நாடுகள் இல்லாமல் இல்லை. 1970-இல் ஜகார்த்தாவின் ஆளுநர் அலி சாதிகின் அதை 'மூடிய நகரம்' என்றே அறிவித்தார். வருகை நிற்கவில்லை, இன்று அது உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் நகரத்துக்குள் வர அனுமதிப் புத்தகம் காட்ட வேண்டும் என்ற கொடிய சட்டம் இருந்தது. லட்சக்கணக்கானோரைக் கைது செய்தும் ஓட்டத்தை நிறுத்த முடியாமல் 1986-இல் கைவிட்டார்கள். ஜிம்பாப்வேயில் 2005-இல் அரசு குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடித்துத் தள்ளியது. ஏறக்குறைய 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தார்கள் என்று ஐ.நா. தூதராகப் போன அன்னா திபைஜுகா கணக்கிட்டார். இந்த மனிதர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால், 'தடுத்து நிறுத்துங்கள்' என்று அவ்வளவு எளிதாக எழுத மனம் வராது.

சரி, வேறு என்ன செய்வது? வீடு வருவதற்கு முன்பே ரோட்டுக்கும் வடிகாலுக்கும் இடம் ஒதுக்கி வைக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கழிவுநீர் முடிந்தவரை தானாக ஓட வேண்டும், அதற்குச் சரிவு வேண்டும். குழாய் போகப் போக ஆழமாகும், விட்டமும் கூடும். பெரிய குழாய் ஊரின் தாழ்வான பகுதியை ஒட்டிப் போகும். பம்பிங் ஸ்டேஷனும் சுத்திகரிப்பு நிலையமும் அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் அமையும். ஆனால் தாழ்வான நிலம்தான் விலை குறைந்த நிலம். ஏழைகள் முதலில் வீடு கட்டுவதும் அங்கேதான். நாங்கள் டேப்பும் லெவல் கருவியும் எடுத்துக்கொண்டு போய்ச் சேரும்போது, குழாய் போக வேண்டிய இடத்தில் அடுப்பெரிந்துகொண்டிருக்கும். இரண்டு பேர் ஒதுங்கி நடக்கவே சிரமமான சந்தில் ஆழமாகத் தோண்டினால் பக்கத்துச் சுவர் சரியும். அதனால் திட்டம் தள்ளிப்போகும், செலவு பெருகும், கடைசியில் பெரும்பாலும் அந்தத் தெருவை மட்டும் விட்டுவிடுவார்கள். மழை வந்தால் எல்லோருடைய கழிவும் அங்கே போய் நிற்கும். அந்த மக்கள் யாருக்கும் தெரியாமல் வந்து உட்காரவில்லை. அவர்கள் வருவார்கள் என்று எங்கள் கிராப் தாள் முன்பே சொல்லியிருக்கும். அதற்கு நிலம் ஒதுக்கத்தான் யாரும் முன்வரவில்லை.

முன்வந்த இடங்களில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். தான்சானியாவில் 1970, 80-களில் உலக வங்கி உதவியோடு பல நகரங்களில் மனைகளை அளந்து, ரோடும் தண்ணீர்க் குழாயும் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டை மக்களே தங்கள் வசதிக்கேற்பக் கட்டிக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, திட்டமில்லாமல் வளர்ந்த அக்கம்பக்கத்துப் பகுதிகளைவிட அங்கே வீடுகள் தெளிவாக நன்றாக இருந்தன. கராச்சியின் ஒராங்கி என்ற ஏழைக் குடியிருப்பில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டமும் எனக்குப் பிடித்தது. தெருச் சாக்கடையை அந்தத் தெருக்காரர்களே காசு போட்டுப் பதித்தார்கள், பெரிய கால்வாய்கள் அரசின் பொறுப்பு. ஏழைகளால் எதுவும் முடியாது என்று சொல்கிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். ஆனால் அங்கேயும் பெரிய கால்வாய்க்கான இடத்தைத் தெருக்காரர்களால் உண்டாக்க முடியாது. அது அரசு மட்டுமே செய்யக்கூடிய வேலை.

பேச்சு எப்போதும் மாநகரங்களைப் பற்றியே இருப்பதும் வருத்தம். ஐ.நா.வின் 2018 கணக்குப்படி, ஒரு கோடிக்கு மேல் ஜனம் உள்ள 33 பெருநகரங்களில் வசிப்பவர்கள், உலக நகரவாசிகளில் எட்டில் ஒருவர்தான். ஏறக்குறைய பாதிப் பேர் 5 லட்சத்துக்கும் குறைவான ஜனம் உள்ள ஊர்களில் இருக்கிறார்கள். அங்கே இன்னும் காலி நிலம் இருக்கிறது, இப்போது ஒதுக்கினால் கிடைக்கும்.

கிராப் தாளில் அந்தக் கோட்டை நீட்ட, சென்சஸ் புள்ளிகளும் வேண்டுமே. காங்கோ ஜனநாயகக் குடியரசில் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1984-இல் நடந்தது. நைஜீரியாவில் 2006-இல். இந்தியாவில் 2011-க்குப் பிறகு அடுத்தது 2027 மார்ச் 1-ஐ அடிப்படையாகக் கொண்டு வருகிறது. அந்த எண்கள் வெளியானதும், எந்த ஊர் எவ்வளவு பெருத்துவிட்டது என்று பட்டியல் போடுவதோடு உங்கள் செய்தியாளர்கள் நின்றுவிட வேண்டாம். புதிதாக நகரமாகியிருக்கும் ஒவ்வொரு ஊரிலும் பிரதான ரோட்டுக்கும் வடிகாலுக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் நிலம் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு, கிடைத்த பதிலை ஊர்ப் பெயரோடு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர், வடிகால் பொறியாளர்