மாமாவுக்கு, அந்த 34 பக்கங்களைப் பற்றி

அன்புள்ள மாமா,

இதை அத்தைதான் தன் கைபேசியில் திறந்து உங்களுக்குப் படித்துக் காட்டுவார் என்று எனக்குத் தெரியும். பொள்ளாச்சிச் சொந்தங்களும், கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் என்னோடு படித்தவர்களும்கூடப் படிப்பார்கள். ஆகவே முதல் கல்லூரியை நான் ஏன் விட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்கு அது முழுவதும் தெரியும், அம்மாவுக்குப் பாதி தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

போன மாதம் உங்கள் மகள் என்னிடம் வந்து, தமிழ்நாட்டுப் பக்கம் மாறினால் இதுவரை படித்தது கணக்கில் சேருமா, பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகுமா என்று கேட்டாள். மறுநாளே நீங்கள் அம்மாவிடம் சொல்லி அனுப்பினீர்கள்: "அவளையும் குழப்பிவிட வேண்டாம்." அந்தச் சொல்லில் ஒட்டியிருந்த 'உம்' என்னை ஐந்து வருடம் பின்னால் இழுத்துக்கொண்டுபோய்க் கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டது.

2020 ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை. நான் பொள்ளாச்சியில் பெரியம்மா வீட்டில் அகப்பட்டுக்கொண்டிருந்தேன். எல்லையைக் கடக்கத் தமிழ்நாட்டுக்கு இ-பாஸ் வேண்டும், கேரளத்துக்குக் கோவிட் ஜாக்ரதா தளத்தில் பதிவு வேண்டும். அதற்குச் சில நாள் முன்புதான் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்தது. மேற்கே எங்கும் மழை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நீங்கள் உங்கள் டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டு, உரச்சாக்கின் உள்ளுறையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றீர்கள். முகக்கவசம் நனைந்து கன்னத்தோடு ஒட்டியிருந்தது. காவலர் ஒருவர் பொட்டலத்தை வாங்கி, நான்கு எட்டு நடந்து வந்து என் கையில் கொடுத்தார். "எண்ணிப் பாத்துக்கோ அம்மிணி" என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னீர்கள்.

எண்ணினேன். வேறு பல்கலைக்கழகத்தில் சேர, பழைய பல்கலைக்கழகம் தரும் மைக்ரேஷன் சான்றிதழ் ஒன்று. அதன் பின்னால் முதல் இரண்டு செமஸ்டர்களின் பாடத்திட்டம், 34 பக்கங்கள், ஒவ்வொன்றிலும் கல்லூரி முத்திரையும் முதல்வரின் கையெழுத்தும். வெள்ளிக்கிழமை, அதாவது 14ஆம் தேதிக்குள், அவை கோயம்புத்தூர்ப் பக்கத்தில் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தின் அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வருடத்தை ஏற்றுக்கொள்ளும் ஆணை வராது. இரண்டாம் வருடத்தை முடித்துவிட்டு முதல் வருடத்தில் போய் உட்கார வேண்டியிருக்கும்.

அப்போதுதான் அந்தச் சான்றிதழ் வந்த தபால் உறையைப் பார்த்தேன். அஞ்சல் முத்திரையில் ஜூலை 27 என்று இருந்தது. அது ஜூலை 30ஆம் தேதியே உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அத்தை பின்னால் ஒருநாள் வாய்தவறிச் சொன்னார். பதினோரு நாட்கள் அது உங்கள் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் இருந்திருக்கிறது. அந்தப் பதினோரு நாளும் காலையும் மாலையும் "ஏதாவது தபால் வந்ததா மாமா?" என்று நான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் "பார்க்கிறேன்" என்றீர்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று உறையை உங்களுக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன். நீங்கள் குனிந்து வண்டியின் ஸ்டாண்டை எடுத்தீர்கள்.

அன்றிலிருந்து உங்களோடு நான் சரியாகப் பேசவில்லை.

ஆனால் மாமா, அந்த 34 பக்கங்களை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. பாடத்திட்டத்துக்கு முத்திரை வேண்டும் என்று புலம்பியது அம்மாவிடம் மட்டுமே. கல்லூரி பாதி மூடிக் கிடந்த நாளில், மழையில், என் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கக்கூடிய ஓர் அலுவலகத்தில் போய் நின்று, பக்கம் பக்கமாக முத்திரை வாங்கியிருக்கிறீர்கள். முத்திரையில் இருந்த தேதி ஆகஸ்ட் 7. அப்படியானால் ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 7 வரை, நான் படிப்பை விட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று காத்திருந்தீர்களா, அல்லது அந்த முத்திரைக்காக மூன்று நான்கு முறை அலைந்து திரும்பினீர்களா? இரண்டுமே உங்களால் முடியும் என்பதுதான் என்னை இத்தனை வருடம் கேட்கவிடாமல் செய்தது. ஒரே மனிதர் முதல் வாரம் மறைத்துவைத்துவிட்டு அடுத்த வாரம் மனம் மாறி ஓடியிருக்கவும் கூடும். அப்பா போன பிறகு எங்களுக்கு நீங்கள் இருந்த விதம் அப்படித்தான்.

நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடமும் அதற்குள்தான் இருக்கிறது. 2018இல் சேர்ந்தவள் 2021இல் பட்டம் முடித்தேன், ஒரு செமஸ்டர்கூடத் தள்ளிப்போகவில்லை. அந்தக் கதையை எல்லோரிடமும் சொல்லும்போது, அலைந்தது நான், எழுதியது நான், போராடியது நான் என்றே சொன்னேன். தேர்வு முடிவு வந்த அன்று எல்லோரையும் அழைத்துச் சொன்னேன், உங்களை அழைக்கவில்லை. நீங்கள் அடுத்தவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். தவறுதான். ஆனால் அதற்கு முந்தைய கல்யாண வீட்டுப் பந்தியில், இருபது பேர் நடுவே, "கோயம்புத்தூர் போனவள் நாலு அரியர் வைத்திருக்கிறாள்" என்று நீங்கள் சொன்னதை நானும் அடுத்த வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த நான்கும் அரியர் அல்ல, மாமா. அன்று இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டதால் விளக்கவில்லை, இன்று விளக்குகிறேன். அரியர் என்றால் எழுதித் தவறிய தாள். என்னுடையவை விடுபட்ட தாள்கள். தாள்களுக்குத் தரும் மதிப்பு அலகைத்தான் கிரெடிட் என்பார்கள். நான் சேர்ந்த வணிகவியல் பட்டத்துக்குக் கேரளத்தில் மொத்தம் 120 கிரெடிட், நான் மாறிய இடத்தில் 140. இரண்டு பக்கமும் மூன்று வருடம்தான் என்றாலும் உள்ளே அடுக்கியிருக்கும் விதம் வேறு. கணக்குப்பதிவியல், மேலாண்மை, ஆங்கிலம் எல்லாம் ஏறக்குறையப் பொருந்தின, ஏற்றுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் முதற்பகுதி மொழிப்பாடம், நான்காம் பகுதியில் சுற்றுச்சூழல் கல்வியும் விழுமியக் கல்வியும் தனித்தனித் தாள்கள். என் மதிப்பெண் பட்டியலில் அப்படித் தனித் தாள்கள் இல்லை. மொழிப்பாடமாக நான் மலையாளம் எடுத்திருந்தேன், எடுக்கச் சொன்னது நீங்கள். கேரளத்தில் வேலை வேண்டுமென்றால் மலையாளம் வேண்டும் என்றீர்கள், அதில் தவறில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த நான், முதல் வருடத் தமிழ்த் தாள்கள் இரண்டையும் என்னைவிட இளையவர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. இரண்டு தாள்களை 2019 நவம்பரில் எழுதினேன். மீதி இரண்டும் ஊரடங்கில் தள்ளிப்போய், 2021இல் வீட்டிலிருந்தபடி எழுதி முடித்தேன். நான்கிலும் முதல் முறையிலேயே தேர்ச்சி. பந்தியில் இருந்த இருபது பேரில் ஒருவருக்காவது இதை நீங்கள் சொல்லியிருக்கலாம்.

இப்போது உங்கள் மகளைப் பற்றி. திங்கட்கிழமை அவளை நான் அழைத்துப் போகிறேன். முடிவு செய்துவிட்டேன், அனுமதி கேட்டு எழுதவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை.

அவள் நிலை என் நிலை அல்ல. கேரளத்தில் 2024 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுப் பட்டத்தின் முதல் தொகுதி அவள். மூன்றாம் வருடத்தோடு நின்றால் 133 கிரெடிட், நான்காம் வருடமும் படித்தால் ஹானர்ஸ் பட்டத்துக்கு 177. இந்தப் பக்கம் மாறினால் பழைய மூன்றாண்டுப் பட்டம்தான், அந்த நான்காம் வருடத்தை அவள் விட்டுக்கொடுக்கிறாள். இதை நான் அவளிடம் மறைக்கவில்லை. இரண்டு இரவு யோசித்துவிட்டுத்தான் வந்தாள்.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். முடியாது, மாமா. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கொண்டுவந்த கிரெடிட் வங்கி விதிப்படி, பட்டம் கொடுக்கும் இடத்திலேயே பாதி கிரெடிட்டாவது சம்பாதித்திருக்க வேண்டும். இன்று அவள் முடித்திருப்பது ஆறு செமஸ்டரில் இரண்டு. இன்னும் ஒரு வருடம் அங்கே இருந்தால் நான்காகிவிடும். பிறகு மாறிவந்து மீதி இரண்டை மட்டும் இங்கே படித்தால் பாதி எட்டாது. தாமதம் என்பது இந்த விஷயத்தில் மறுப்பதற்குச் சமம். அது உங்களுக்கும் எனக்கும் நன்றாகவே தெரியும்.

அந்த வங்கியில் அவள் பெயரில் 12 இலக்க எண் இருக்கிறது. கல்லூரி ஏற்றும் கிரெடிட் அந்தக் கணக்கில் சேரும், ஏழு வருடம் வரை செல்லும், தபாலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எனக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் நாம் இருவரும் அன்று அந்தச் செக்போஸ்ட்டில் நின்றிருக்கமாட்டோம், இன்று இந்தக் கடிதமும் இருந்திருக்காது. ஆனாலும் கணக்கில் இருப்பது மட்டும் போதாது. எந்தத் தாளுக்கு எந்தத் தாள் ஈடு என்பதைச் சேரும் இடம்தான் தீர்மானிக்கும். அங்கே அவள் படித்த மைனர் பாடங்களை இங்கே துணைப்பாடமாக ஏற்பார்களா, மொழிப்பாடம் என்னவாகும் என்பதையெல்லாம் தாள்வாரியாக எழுத்தில் வாங்கிய பிறகே அவள் டி.சி. கேட்க வேண்டும். நான் முதலில் டி.சி. வாங்கிவிட்டுப் பிறகு கேட்டேன். திரும்பிப் போக வழியில்லாதவளாகத்தான் பல்கலைக்கழக அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நின்றேன். அவள் அப்படி நிற்கக் கூடாது.

அவள் மொழிப்பாடமாகத் தமிழ் எடுத்திருக்கிறாள். நீங்கள்தான் எடுக்கச் சொன்னீர்களாம். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, பிறகு சமையலறைக்குப் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஈடு பார்ப்பதற்குப் பாடத்திட்டத்தைக் கேட்பார்கள். அவள் அச்செடுத்து வைத்திருக்கிறாள், முத்திரை வாங்கவில்லை. நான் விட்டுவந்த அந்தக் கல்லூரியின் வாசலை என்னால் மிதிக்க முடியாது, காரணம் உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குப் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை மதியம்வரை அலுவலகம் திறந்திருக்கும் என்று உங்கள் மகள் சொல்கிறாள். அன்று எனக்கு வாங்கித் தந்த பக்கங்களில் பன்னிரண்டாவதில் மட்டும் மை பரவித் தேதி அழிந்திருந்தது. அந்த ஒரு பக்கத்துக்காக ஜன்னலில் இருந்தவர் என்னை அரைமணி நேரம் நிறுத்திவைத்தார். இந்த முறை எல்லாப் பக்கத்திலும் தேதி தெளிவாக விழும்படி பார்த்து வாங்குங்கள், மாமா.

உங்கள்,
அம்மிணி