ஆட்டோமேட்டிக் கார் கால்வாசி சக்தியைத் தின்கிறதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு வாகனப் பக்கத்தில் ஒரே காரின் மேனுவல் வண்டியையும் ஆட்டோமேட்டிக் வண்டியையும் டைனோவில் (சக்கரங்களை ரோலர் மேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் மிஷின்) ஏற்றிப் பார்த்து எழுதியிருந்தீர்கள். ‘ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இன்ஜின் சக்தியில் கால்வாசியை விழுங்கிவிடுகிறது’ என்று முடிவு. காலை காபி ஆறுவதற்குள் எனக்கு நாலு போன் வந்துவிட்டது. கோவை கணபதியில் 12 வருடமாக டைனோ வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஓர் இன்ஜின் ஃபேக்டரியின் டெஸ்ட் பெஞ்சில் 17 வருடம். நீங்கள் போட்ட எண் பொய் என்று சொல்ல வரவில்லை. டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகியிருந்ததா, ஆகவில்லையா? கட்டுரையை இரண்டு தடவை படித்தும் அது கிடைக்கவில்லை.

இந்த வகை ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பதுதான் டார்க் கன்வெர்ட்டர். அதற்குள் ஆயில்தான் சுற்றுகிறது. ஒரு பக்கச் சக்கரம் ஆயிலை வீச, மறுபக்கச் சக்கரம் அந்த வேகத்தில் திரும்பும். நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் ஆயிலைத் திருப்பிவிடுவதால், வண்டி கிளம்பும்போது டார்க் (சுற்றுவிசை) ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதற்கு விலை, ஸ்லிப்: மறுபக்கச் சக்கரம் இன்ஜின் வேகத்துக்கு ஈடாகச் சுற்றாமல் பின்தங்கும். ஓரளவு வேகம் வந்ததும் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கிட்டத்தட்ட மேனுவல் மாதிரிதான். ஆனால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் பல வண்டிகளில் அந்தப் பிடி விட்டுவிடும். டைனோவில் நாம் செய்வதே முழுக்க மிதிப்பதுதானே! (மேனுவல் மாதிரி கிளட்சை வைத்து, கியரைத் தானே மாற்றும் ஏஎம்டி, டிசிடி வண்டிகளில் இந்தக் கன்வெர்ட்டரே கிடையாது. அவற்றை இதோடு சேர்க்க வேண்டாம்.)

போன மாதம் ஒரு டீசல் எஸ்யூவி வந்தது. பெயர் வேண்டாம், உரிமையாளர் கோபித்துக்கொள்வார். கம்பெனிக் கணக்குப்படி இன்ஜினில் டார்க் 500 நியூட்டன் மீட்டர். நாலாவது கியரில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதித்தேன். ஸ்க்ரீனில் 540. வண்டிக்காரத் தம்பிக்கு வாயெல்லாம் பல். “ஏனுங்ணா, கம்பெனிக்காரங்க 500-ன்னுதான் போட்டிருக்காங்க. நம்ம வண்டி ஸ்பெஷலுங்களா?” என்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

டயரும் ஆக்ஸிலும் தின்றது போக மீதிதான் ரோலருக்கு வர வேண்டும். அது எப்படி இன்ஜினை விடக் கூடும்? விஷயம் இதுதான். ரோலர் அளப்பது விசையும் வேகமும். அதிலிருந்து வருவது பவர். டார்க் என்பது அந்தப் பவரை ஆர்பிஎம்மால் வகுத்துப் போட்ட கணக்கு. பெட்ரோல் வண்டி என்றால் ஸ்பார்க் வயரில் கிளிப் மாட்டி ஆர்பிஎம் எடுக்கலாம். டீசலில் அதற்கு வழியில்லை. அதனால் நிதானமாக ஓட்டி, மீட்டரைப் பார்த்து, இந்த ரோலர் வேகத்துக்கு இத்தனை ஆர்பிஎம் என்று மிஷினில் பதிந்துவிடுவோம். நிதானமாக ஓட்டும்போது கன்வெர்ட்டர் லாக்கில் இருக்கும். மிதித்ததும் விட்டுவிடும். மிஷின் 1,400 என்று நினைத்துக்கொண்டிருக்க, இன்ஜின் நிஜத்தில் 2,200-ல் கத்திக்கொண்டிருந்தது.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி சாக்கெட் வழியாக உண்மையான ஆர்பிஎம்மைக் கொடுத்து அதே ஓட்டத்தைத் திரும்பக் கணக்கிட்டேன். 540 இருந்த இடத்தில் 344. தம்பியின் பல் மறைந்தது. பிறகு வேகத்தை ஏற்றி, லாக் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு, அது விடாதபடி மெதுவாக மிதியை இறக்கினேன். 430 வந்தது. நம்ப வேண்டியது அதைத்தான்.

அந்த முதல் ஓட்டத்தில் நடுவில் போனது எவ்வளவு தெரியுமா? 500 நியூட்டன் மீட்டர், 2,200 ஆர்பிஎம் என்றால் 115 கிலோவாட். 430 வர வேண்டிய இடத்தில் 344 என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 23 கிலோவாட், கியர்பாக்ஸ் ஆயிலைச் சூடாக்கியது. பதினொரு பாத்ரூம் கீசரை ஒன்றாகப் போட்ட மாதிரி. பழைய டெஸ்ட் பெஞ்சில் எங்களிடம் இருந்தது வாட்டர் பிரேக். இன்ஜின் சக்தியை முழுக்கத் தண்ணீரில் சூடாக்கி அளக்கும் கருவி அது. 1877-ல் இங்கிலாந்து இன்ஜினியர் வில்லியம் ஃப்ரூட் கப்பல் இன்ஜினை அளக்கச் செய்தது. 1905-ல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் காப்புரிமை வாங்கிய இந்தக் கன்வெர்ட்டர் வகையும் கப்பலுக்காகத்தான். இரண்டும் உள்ளே ஏறக்குறைய ஒரே ஜாதி. இன்ஜினை அளக்கிற பிரேக்கில் பாதியை வண்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்து, வெளியே இருக்கும் மிஷினில் அளக்கச் சொல்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வரும்.

இதில் பணம் போகிற கதையும் உண்டு. ஒருவர் வெளியூரில் இன்ஜின் சக்தியைக் கூட்டும் டியூனிங் பாக்ஸ் மாட்டிக்கொண்டு, ‘28 எச்பி கூடியது’ என்ற இரண்டு தாளோடு வந்தார். இரண்டு தாளிலும் நாலாவது கியர். ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டரில் முதல் தாளில் 2,870 ஆர்பிஎம், இரண்டாவதில் 2,700. ஒரே கியர், ஒரே டயர், பின் எங்கிருந்து இந்த 170? பாக்ஸ் மாட்டும் முன் லாக் இல்லாமல், மாட்டிய பின் லாக்கோடு ஓட்டியிருக்கிறார்கள். பாக்ஸைக் கழற்றியும் மாட்டியும் இரண்டையும் லாக்கில் ஓட்டிப் பார்த்தேன். கூடியது 18. மிச்சம் 10 அந்தக் கிளட்ச் கொடுத்தது. அதற்கும் சேர்த்துக் காசு வாங்கியிருந்தார்கள். ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்யும் கடைகளே அதிகம்.

அதற்காக எப்படியாவது லாக் போட்டே ஆக வேண்டும் என்று யாரும் வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஆரம்பத்தில் ஒரு பழைய வண்டியில் லாக்-அப்பை இயக்கும் மின் வால்வுக்கு (சோலினாய்டு) தனி ஸ்விட்ச் போட்டு, முழு லோடில் பிடிக்க வைத்தேன். லைனிங் கருகி, ஆயில் டீத்தூள் தண்ணீர் மாதிரி வந்தது. கியர்பாக்ஸ் வேலை என் செலவு.

லாக் இல்லாத எண் தப்பு என்றும் ஆகாது. அவிநாசி ரோட்டில் லாரியை முந்த மிதிக்கும்போது கிடைப்பது அதுதான். மேனுவலோடு ஒப்பிடுவதற்கும், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றுவது) முன்-பின் பார்ப்பதற்கும் மட்டும் லாக் போட்ட எண் வேண்டும். அப்படி அளந்தால், நான் பார்த்த வண்டிகளில் மேனுவலுக்கும் இதற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான்.

அடுத்த முறை அட்டவணைக்குக் கீழே ஒரு வரி போதும்: எந்த கியர், லாக் விழுந்ததா, ஆர்பிஎம் எங்கிருந்து எடுத்தது. அந்த ஆட்டோமேட்டிக்கை மறுபடி அளக்க விரும்பினால் இங்கே கொண்டு வரலாம், காசு வேண்டாம். வருமுன் போன் செய்துவிடுங்கள். எங்கள் பக்கம் கரண்ட் இல்லாத நாளென்றால் ரேடியேட்டருக்கு முன்னால் வைக்கிற பெரிய ஃபேன் ஓடாது.

இப்படிக்கு,
ஒரு டைனோக்காரர்,
கணபதி, கோயம்புத்தூர்.