ஸிக்னிக்குக் கிண்ணம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த ஆப்பிரிக்க உணவுகள் பற்றிய கட்டுரை, எரித்திரியாவின் ஸிக்னியைக் ‘காரமான மாட்டிறைச்சிக் குழம்பு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் ரொட்டி வைத்த படம் வேறு. அந்நாட்டின் தலைநகரான அஸ்மாராவில் சில காலம் ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில், அந்தப் படத்தைப் பற்றியே முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

அங்கே வீடுகளில் ஸிக்னியைக் கிண்ணத்தில் தருவதில்லை. தெஃப் என்னும் சிறுதானிய மாவைப் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு எடுக்கும் தைத்தா, ஆப்பத்தைப் போல் கண்கண்ணாக, பெரிய வட்டத் தட்டு நிறைய விரிக்கப்படும். குழம்பு அதன் மேலேயே ஊற்றப்படும். சுற்றி அமர்ந்தவர்கள், கைக்கு நீர் வார்க்கப்பட்ட பிறகு, தத்தம் பக்கத்திலிருந்து வலக்கையால் தைத்தாவைப் பிய்த்து, அதிலேயே இறைச்சியைச் சுருட்டி எடுத்து உண்கிறார்கள். எதிர்ப்பக்கம் கை நீட்டுவது நாகரிகமன்று. வீட்டுக்காரர் நல்ல துண்டாகப் பார்த்து விருந்தாளியின் பக்கம் நகர்த்திவைப்பார். நெருங்கியவரென்றால் வாயிலேயே ஊட்டிவிடுவார், மறுக்கக் கூடாது. அடியில் குழம்பு ஊறிக் கிடக்கும் தைத்தாவுக்குத்தான் கடைசியில் போட்டி. கிண்ணத்தில் ஊற்றினால் அது எங்கிருந்து கிடைக்கும்?

சமையலிலும் காரம் மட்டுமே செய்தியன்று. பொடியாக நறுக்கிய வெங்காயத்தை எண்ணெயின்றி, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே நெடுநேரம் வதக்கி, அதன் பிறகே கொழுப்பும், மிளகாயோடு வெந்தயம், இஞ்சி, ஏலம் முதலியவை சேர்ந்த பெர்பெரே பொடியும் இடுவார்கள். பொடியின் பச்சை வாடை போனபின் தக்காளியும் இறைச்சியும் சேர்ந்து, மெல்லிய தீயில் வேகும். எத்தியோப்பியச் சமையலைவிட இங்கே தக்காளி தாராளம். வாசனைப் பொருள்களிட்டு உருக்கிய தெஸ்மி என்னும் நெய் தனி மணம் தரும். காரம் வேண்டாதவர்களுக்கு மஞ்சள் சேர்த்த அலிச்சா என்னும் குழம்பு உண்டு. இறைச்சியை வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து வாணலியில் வதக்கிச் சூடாகத் தரும் திப்சியும் உண்டு.

எரித்திரியர் நாள்தோறும் மாட்டிறைச்சி உண்பவர்கள் என்ற கட்டுரையாளரின் கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதன், வெள்ளிக் கிழமைகளிலும், ஈஸ்டருக்கு முந்தைய 55 நாள் நோன்பிலும் இறைச்சி மட்டுமன்றிப் பாலும் நெய்யும்கூடத் தொடுவதில்லை. அந்நாள்களில் தட்டில் இருப்பவை பருப்பும், கொண்டைக்கடலை மாவில் கிண்டிய ஷிரோவுமே. நோன்பு முடியும் ஈஸ்டர் நாளில் ஸிக்னிக்கு உள்ள வரவேற்பை இந்தப் பின்னணியின்றிப் புரிந்துகொள்ள முடியாது. மேலும், கிறித்தவரும் முஸ்லிம்களும் அவரவர் முறைப்படி அறுத்த இறைச்சியையே உண்பதால், இரு சமயத்தாரையும் அழைக்கும் விருந்துகளில் தனித்தனியே சமைப்பது வழக்கம்.

எரித்திரியா 1993 முதல் தனி நாடு. கட்டுரையில் அதனை ‘எத்தியோப்பியப் பகுதி’ என்று குறித்திருப்பதையும், அந்தப் படத்தையும் அடுத்த இணைப்பில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மதுரை.