எடிட் லாக் ஆனதுக்கு அப்புறம் கூப்பிடாதீங்க: மியூசிக் டாக்குமெண்டரி எடுக்கறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ல மியூசிக் டாக்குமெண்டரி எடுக்கற டைரக்டர்கள், ப்ரொட்யூசர்கள், எடிட்டர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

மோஷன் கிராஃபிக்ஸ் (படத்துல வர்ற தலைப்பையும் ஓவியத்தையும் அசைய வைக்கற வேலை) பண்ற ஆளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கிராஃபிக்ஸ் எல்லாம் கையால பண்ண மாதிரி இருக்கணும்னு எல்லாருமே சொல்றீங்க, ரொம்ப சந்தோஷம், எனக்கும் அதுதான் பிடிக்கும், ஆனா எங்கள கூப்பிடறது எடிட் லாக் ஆகி, அதாவது இனிமே வெட்டு ஒட்டு கிடையாதுன்னு முடிவாகி, சவுண்ட் மிக்ஸிங்கும் பாதி ஓடிட்டு இருக்கறப்போ. அந்த நேரத்துல கையால எதையும் பண்ண முடியாது. பழைய பேப்பர் டெக்ஸ்சர் ஒண்ண டவுன்லோட் பண்ணி மேல போட்டு, ஹேண்ட்ரைட்டிங் ஃபான்ட்ல தலைப்ப டைப் பண்ணி, லேயர கொஞ்சம் நடுங்க விட்டு அனுப்பறதுதான் நடக்கும்.

அது கண்ணுக்கு உறைக்கும்ங்க. தம்பட்டம்னு ஒரு தலைப்பு வருதுன்னு வைங்க, ஃபான்ட்ல போட்டா ரெண்டு ட-வும் ரெண்டு ம்-மும் அச்சு அசலா ஒண்ணாவே இருக்கும், எந்தக் கையும் அப்படி எழுதாது. எழுத்து தானா எழுதிக்கிட்டே வர்ற மாதிரி காட்டணும்னா நிறைய பேர் எழுத்த மறைச்சிருக்கற மாஸ்க்க இடமிருந்து வலமா இழுத்து விட்டுடறாங்க, அப்போ புள்ளி எழுத்தோடயே சேந்து பாதி பாதியா தெரிய வருது. நாம எழுதறப்போ எழுத்து முடிஞ்சுதான மேல புள்ளி வைப்போம். தம்பட்டத்துல 3 புள்ளி இருக்கு. அந்த மூணும் பாட்டோட மூணு தாள அடியில டப் டப்னு வந்து விழுந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க! ஆனா அதுக்கு எந்த அடியில விழணும்னு எங்களுக்கு முன்னாடியே தெரியணும், அந்த பாட்டு எங்க கைக்கு வந்திருக்கணும்.

கனடா நேஷனல் ஃபிலிம் போர்டுல 1949-ல நார்மன் மெக்லாரனும் ஈவ்லின் லாம்பார்ட்டும் ஆஸ்கர் பீட்டர்சனோட ஜாஸுக்கு ஃபிலிம் மேலேயே நேரா பெயிண்ட் அடிச்சு, கீறி ஒரு படம் பண்ணாங்க. அங்க இசைய முதல்ல முடிவு பண்ணி ரெக்கார்ட் பண்ணிட்டுதான் பெயிண்ட் வேலை, அதனாலதான் அந்தக் கோடுகள் இன்னிக்கும் பியானோவோட சேந்து துள்ளுது.

கணக்கும் கொஞ்சம் சொல்றேன், பட்ஜெட் போடறப்போ உதவும். செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஒரு படத்த 2 ஃப்ரேம் நிறுத்துனா செகண்டுக்கு 12 படம், ஒரு நிமிஷத்துக்கு 720. மூணு ஃப்ரேம் நிறுத்துனா 480. இதுல ஒவ்வொண்ணையும் வரஞ்சு, ஸ்கேன் பண்ணி, மூலைக் குறிய வச்சு ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்கார வைக்கணும், இல்லன்னா படமே ஆடும். அசையாத படத்துக்கு அவ்வளவு வேண்டாம், ஒரே கோட்டையே மூணு நாலு தடவ மறுபடி வரஞ்சு மாத்தி மாத்தி ஓட விட்டாலே கோடு உயிரோட இருக்கும். அதனால 4 நிமிஷம் கிராஃபிக்ஸ் கேக்கறதுக்கு பதிலா 40 செகண்ட் கேளுங்க, அத ஒழுங்கா பண்ணித் தர்றோம்.

ஃப்ரேம் ரேட்டையும் முதல்லயே முடிவு பண்ணிடுங்க, ப்ளீஸ். 120 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 120 அடி) ஓடற பாட்டுக்கு 24 ஃப்ரேம்ல ஒரு அடிக்கு கரெக்ட்டா 12 ஃப்ரேம் வரும், 25-ன்னா 12.5, அரை ஃப்ரேம எங்க போய் வரையறது? நடுவுல மாத்துனா கையால வரஞ்சது மொத்தமும் தாளம் தப்பும். இதுவும் க்ளிக் ட்ராக் (வேகம் மாறாம இருக்க காதுல ஓட விடற டிக் டிக் சத்தம்) வச்சு ரெக்கார்ட் பண்ண பாட்டுக்குத்தான். கச்சேரி ரெக்கார்டிங்ல தவில்காரர் உற்சாகமாயி காலப்பிரமாணம், அதாவது பாட்டோட வேகம், லேசா ஏறும் இறங்கும், அங்க சாஃப்ட்வேர் கிரிட் ஒண்ணும் வேலைக்கு ஆகாது, உக்காந்து கேட்டு கேட்டு அடிக்கு அடி மார்க்கர் போடணும். எனக்கு இந்த வேலையிலயே ரொம்பப் பிடிச்ச பகுதி அதுதான், அதுக்குத்தான் யாரும் நேரமே ஒதுக்கறதில்ல.

அப்புறம் ஷூட்டிங்குக்கே எங்கள கூட்டிட்டுப் போங்க. நாதஸ்வரம் பத்தி படம்னா நரசிங்கம்பேட்டைக்குப் போவீங்க, அங்க ஆச்சா மரத்துல கடைஞ்சு பண்றாங்க, 2022-ல புவிசார் குறியீடு கூட கிடைச்சுது. நீங்க பட்டறையில பேட்டி எடுக்கற நேரத்துல நாங்க ஒரு மரத்துண்டு மேல பேப்பர வச்சு கரித்துண்டால தேய்ச்சு அந்த ரேகைய எடுத்துக்குவோம், கடைசல்ல விழற சீவல எடுத்து வந்து ஸ்கேன் பண்ணுவோம், பழைய சீவாளி (நாதஸ்வரத்துல வாய் வச்சு ஊதற பகுதி) ஏதாவது குடுத்தா அதையும் படம் எடுத்துக்குவோம். படத்தோட டைட்டில் அந்த மரத்துலேந்தே வரும், எங்கயோ யாரோ ஸ்கேன் பண்ணி வித்த பேப்பர்லேந்து இல்ல.

கலைஞர் குடும்பத்துக்கிட்ட ஸ்வரம் எழுதுன நோட்டு, கச்சேரி நோட்டீஸ், கேசட் அட்டை இருந்தா அங்கயே 600 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணி கையோட திருப்பிக் குடுத்துடுங்க, மொபைல்ல க்ளிக் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புனா பெரிய திரையில உடைஞ்சு போகும். அமெரிக்க ராக் பாடகர் கர்ட் கோபேன் பத்தி 2015-ல வந்த டாக்குமெண்டரியில அவரோட சொந்த நோட்டுப் பக்கங்களையே அசைய வச்சிருப்பாங்க, அவர் கிறுக்குனது அவர் கிறுக்குனதாவே இருக்கும். நோட்டு கிடைக்கலன்னா இல்லாமலே படம் எடுக்கலாம். இறந்து போன ஒருத்தரோட கையெழுத்து மாதிரி ஒண்ண புதுசா உருவாக்கி, இது அவர் எழுதுனதுன்னு பாக்கறவங்க நம்பற மாதிரி வைக்கச் சொல்லாதீங்க. ஏஐ-ல ரெண்டு நிமிஷத்துல வந்துடும்னாலும் வேண்டாம். டாக்குமெண்டரிய நம்பித்தான் ஜனங்க உக்காந்து பாக்கறாங்க, அவர் குடும்பமும் பாக்கும். கற்பனைக் காட்சி வேணும்னா வெளிப்படையா ஓவியமாவே வரஞ்சு தர்றோம், அது ஓவியம்னு எல்லாருக்கும் புரியும்.

அடுத்த படத்துக்கு ஷெட்யூல் போடறப்போ ரிசர்ச், லொகேஷன் பக்கத்துலயே கிராஃபிக்ஸுக்கும் ஒரு வரி எழுதுங்க, நாளும் சம்பளமும் சேத்து. ரஃப் கட் (முதல் கட்ட எடிட்) வர்றதுக்கு முன்னாடியே பாட்டுகள அனுப்பிடுங்க.